இரவோடு இரவாக வளர்ந்த மொட்டை மாடி

என் மனைவிக்கு இந்த ஊரில் தெரியாத வீடு இல்லை. ஆனால் எந்த வீட்டுக்கும் அவளால் தனியாகப் போய்ச் சேர முடியாது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு, கட்டின பெண்டாட்டியைப் பற்றி இப்படியா பேசுவது என்று என்னையே கோபித்துக்கொள்வார்கள். உள்ளதைச் சொன்னால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவள் பார்க்கிற வேலை அப்படி. விமானத்திலிருந்து எடுத்த ஊர்ப் படங்களைக் கணினித் திரையில் விரித்து வைத்துக்கொண்டு, கூரை, குளம், காலி மனை என்று ஒவ்வொன்றையும் சுற்றிக் கோடு வரைந்து அதன் பரப்பளவை எடுத்துக் கொடுக்கிற அலுவலகம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறாள். ஊரைத் தலைக்கு மேலிருந்தே பார்த்துப் பழகியதில், வீடுகளுக்கு முன்வாசல் என்ற ஒன்று உண்டு என்பதே அவளுக்கு மறந்துவிட்டது. புதிதாக யாராவது அறிமுகமானால் எந்தத் தெரு என்று கேட்பாள். அவர்கள் சொன்னதும் கண்ணை மூடி ஒரு நொடி யோசிப்பாள்.

"மாடியில ரெண்டு கறுப்புத் தண்ணித்தொட்டி, அதுல ஒண்ணுக்கு மூடி இல்ல. அந்த வீடுதான?"

மூடி இல்லை என்பதே அவர்களுக்கு அப்போதுதான் தெரியவரும். அதனால் எங்கள் தெருவில் அவளுக்கு மாடி அக்கா என்று பெயர். அவளைவிட மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நான் தையற்காரன். வீட்டின் முன்னறைதான் கடை. ஒருமுறை ஒரு கோட்டைத் தைத்து முடித்து, கொண்டுபோய்க் கொடுப்பதற்காக இவளிடம் வழி கேட்டுத் தொலைத்தேன். சிவப்பு ஓட்டு வீட்டைத் தாண்டி, துணி காயப்போடும் கயிறு குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருக்கும் மாடிக்கு நேர் பின்னால் என்றாள். தெருவில் நிற்கிறவனுக்கு அடுத்தவன் மாடிக் கயிறு எப்படித் தெரியும்? அண்ணாந்து அண்ணாந்து பார்த்து கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவளிடம் சண்டை போட்டேன். வழி சரியாகத்தான் சொன்னேன், நீங்கள் கீழே நின்றது என் தப்பா என்று கேட்டாள்.

இந்தக் கதையில் இன்னும் ஒருத்தி உண்டு. என் தங்கை. எங்கள் வீட்டு மாடி அறையில் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும், வீட்டிலும் கழற்றமாட்டாள். தேநீர் வேண்டுமென்றால் மேலேயிருந்து ஒரு விசில், குளிக்கத் தண்ணீர் வரவில்லை என்றால் இரண்டு விசில். அதனால் வீட்டில் அவளுக்கு விசில் என்றே பெயர். அண்ணியும் நாத்தனாரும் நாள் முழுக்க ஒருத்தியை ஒருத்தி கிண்டலடித்துக்கொண்டே இருப்பார்கள். அண்ணி நடக்கிற வேகத்தில் மரமே வளர்ந்துவிடும் என்பாள் விசில். உன் அறைக்கு வெளியே மொட்டை மாடியில் ஒரு காய்ந்த துண்டு கிடக்கிறது, படத்தில் பார்த்தேன் என்பாள் என் மனைவி. நடுவில் பேசினால் எனக்குத்தான் அடி விழும் என்பதால் நான் தையல் மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

விசில் ஒரு காலத்தில் நன்றாகக் கால்பந்து ஆடினாள். முழங்கால் போனபிறகு ஆட முடியவில்லை. கொஞ்ச நாள் யாரிடமும் பேசாமல் இருந்தாள். பிறகு ஒருநாள், எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி, கிடங்குகளுக்குப் பின்னால் உடைந்த செங்கல்லும் முள்ளுமாகக் கிடந்த ஒரு காலி இடத்தைப் பார்த்திருக்கிறாள். அக்கம்பக்கத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் விடுமுறை முழுவதும் கல் பொறுக்கினாள். அதுதான் இன்றைய மைதானம். இரண்டு கோல் கம்பம், சாமான் வைக்கத் தகரம் போட்ட ஒரு கொட்டகை, ஒரு பக்கம் நெடுக வரிசையாகப் பெரிய மரங்கள். அந்த மரங்கள் என்றாலே அவளுக்கு ஆகாது. இலை கொட்டுகிறது, பந்து கிளையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, வெட்டித் தள்ளுங்கள் என்று நகரசபைக்கு மனுமேல் மனு போட்டுக்கொண்டிருந்தாள்.

அங்கே ஆட வருகிற பிள்ளைகள் எல்லாம் சின்னச் சின்ன வீட்டுப் பிள்ளைகள். காலை நீட்டினால் சுவர் இடிக்கும். பெரிய சாலையைத் தாண்டி எங்கேயும் பெற்றவர்கள் அனுப்பமாட்டார்கள். இந்த மைதானம் இருந்தால் ஆட்டம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. என் தங்கைக்கும் அப்படித்தான். அவள் முகத்தில் மறுபடியும் சிரிப்பைப் பார்த்தது அந்த இடம் வந்தபிறகுதான். அண்ணன் என்கிற முறையில் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

அப்படியிருக்க, நகரசபை ஒரு முடிவு எடுத்தது. ஊருக்குள் இருக்கிற காலி இடங்களையெல்லாம் விமானப் படத்தில் அளப்பது. நாலாயிரம் சதுர மீட்டரும் அதற்கு மேலும் இருந்தால் நிரந்தர விளையாட்டு மைதானம். அதற்குக் கீழே இருந்தால் வண்டிகள் நிறுத்துமிடம். அழுகிறவர் யார், சிரிக்கிறவர் யார் என்ற பேச்சே இல்லை, அளவுதான் பேசும். அளக்கிற வேலை என் மனைவியின் அலுவலகத்துக்கு வந்தது. எங்கள் பகுதி அவள் மேசைக்கே வந்தது. நாத்தனாரின் மைதானம் இதில் இருக்கிறது என்று மேலாளர் அம்மாவிடம் அவள் சொல்லிப் பார்த்திருக்கிறாள். நீ கோடுதான் போடுகிறாய், பரப்பைச் சொல்வது கணினி, அதற்கு நாத்தனாரும் தெரியாது மாமியாரும் தெரியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டாராம்.

அன்றிலிருந்து சாப்பிட உட்கார்ந்தால் விசிலுக்கு ஒரே கேள்விதான். நம்ம மைதானம் வந்துவிட்டதா? வரிசையில் வரும் என்பாள் இவள். வரிசையை முன்னால் தள்ளினால் என்ன, நான் பந்தயம் நடத்த ஆள் கூப்பிடவேண்டாமா என்பாள் அவள். இப்படியே ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை.

இங்கே அந்தத் தொழிலின் சங்கதி ஒன்றைச் சொல்லியாகவேண்டும். பயப்படவேண்டாம், எனக்கே புரிந்தது. என் கடைக்கு வந்து, தைத்து முடித்த ஒரு சட்டையின் தோளை மேசைமேல் தட்டையாகப் போட்டு அமுக்கச் சொன்னாள். தோள் உருண்டை, மேசை தட்டை. என்ன அமுக்கினாலும் ஒரு பக்கம் மடிப்பு விழும், இல்லையென்றால் ஒரு பக்கம் இழுபடும். பூமியும் உருண்டைதானே, அதைத் திரையில் தட்டையாகப் போடும்போது எதையாவது இழுத்துத்தான் ஆகவேண்டும் என்றாள். ஒரு வகையில் போட்டால் உருவம் கெடாது, தெருமுனை தெருமுனையாகவே நிற்கும். ஆனால் பரப்பு ஊதிப்போகும். இன்னொரு வகையில் பரப்பு உள்ளது உள்ளபடி இருக்கும், உருவம் மட்டும் லேசாகச் சாய்ந்துகொள்ளும். அலுவலகத்தில் முதலாவதற்குப் பார்க்கிற தாள் என்றும், இரண்டாவதற்கு அளக்கிற தாள் என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டியை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகலாம். பார்க்கிற தாளில் பார்க்கலாம், ரசிக்கலாம். அளக்க மட்டும் கூடாது.

தவறிப்போய் யாரும் அளந்துவிடக் கூடாது என்பதற்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. காலையில் வந்ததும் ஒவ்வொருவரும் தங்கள் அலுவலகத்தின் மொட்டை மாடியைத் திரையில் அளக்கவேண்டும். அந்த மாடியை எப்போதோ நாடா பிடித்து அளந்து, அந்த எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறார்கள். திரையில் வருவதும் சுவரில் இருப்பதும் ஒத்துப்போனால் வேலையைத் தொடங்கலாம். பல் தேய்ப்பதுபோல இதை எல்லாரும் தினமும் செய்கிறார்கள்.

மைதானம் இவள் திரைக்கு வந்த அன்றும் காலையில் மாடியை அளந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. பிற்பகலில் மைதானம் வந்தது. அழகாகப் பார்க்கவேண்டும் என்ற ஆசையில் பார்க்கிற தாளுக்குப் போனாள். கோல் கம்பத்தின் நிழல் தெரிந்ததாம். சுண்ணாம்புக் கோடு தெரிந்ததாம். கோட்டைச் சுற்றிக் கறுப்புக் கறுப்பாகச் சின்னப் புள்ளிகள், பிள்ளைகளின் தலைகள். நடுவில் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அது நாத்தனாரின் தொப்பி. தினமும் வாய்ச்சண்டை போடுகிற ஆள், மேலேயிருந்து பார்த்தால் இவ்வளவு சின்னதாக, தனியாக, வெயிலில் நிற்கிறாளே என்று இவளுக்குத் தோன்றியிருக்கிறது. அந்த நினைப்பிலேயே மைதானத்தைச் சுற்றிக் கோட்டைப் போட்டாள். பெட்டியைத் திரும்ப அழுத்தவில்லை.

நாலாயிரத்து நூற்று முப்பது என்று வந்தது.

உடனே எனக்குப் போன் செய்தாள். தங்கை அப்போதுதான் பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள், நான் எங்கள் மாடியைப் பார்த்துக் கத்தினேன். பதிலுக்கு வந்த விசிலில் தெருநாய் எல்லாம் எழுந்து ஓடியது. பட்டியல் இன்னும் நகரசபைக்குப் போகவில்லை, அதுவரை வாயைத் திறக்காதே என்று அண்ணி சொல்லியிருந்தாள். விசிலாவது வாயை மூடுவதாவது. அன்று மாலையே மைதானத்தில் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டாள். அவர்கள் அவளைத் தூக்கப் பார்த்து, முடியாமல் எல்லாரும் ஒன்றாக மண்ணில் விழுந்தார்களாம். வீட்டுக்கு வந்ததும் அந்த மண்ணோடு அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். இந்த வீட்டில் அது முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது. ஊசியில் நூல் கோக்கிறமாதிரி குனிந்துகொண்டேன்.

மறுநாள் காலை அலுவலகத்தில் மாடியை அளந்தாள். மாடி வளர்ந்திருந்தது.

சும்மா கொஞ்சம் இல்லை. ராத்திரியோடு ராத்திரியாக யாரோ பக்கத்தில் ஒட்டி ஒரு பெரிய அறை கட்டிவிட்டதுபோல எண் ஏறியிருந்தது. முதலில் அவள் சிரித்துவிட்டாள். பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தாள். அப்புறம்தான் திரையின் ஓரத்தைப் பார்த்தாள். பெட்டியில் பார்க்கிற தாள். நேற்றுப் பிற்பகல் முழுவதும் அதிலேதான் அளந்திருக்கிறாள். எங்கள் ஊர் இருக்கிற இடத்தில் அந்தத் தாள் நூற்றுக்கு ஏழு ஊதிவிடும். நேற்று அளந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் மறுபடி எடுத்தாள். மற்ற இடங்களெல்லாம் நாலாயிரத்துக்கு எந்தப் பக்கம் முன்பு இருந்தனவோ அதே பக்கத்தில்தான் நின்றன. மைதானம் ஒன்றுதான் நாலாயிரத்துக்குக் கீழே வந்து விழுந்தது. மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பது.

வேலை நாளில் வீட்டுக்கு வராதவள் அன்று மத்தியானம் வந்து நின்றாள். நான் ஒருவருக்குக் கோட்டு அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வரச் சொல்லி விஷயத்தைச் சொன்னாள். பட்டியல் இன்னும் போகவில்லையே, ஒரு மைதானம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் யாருக்கு என்ன நஷ்டம், விட்டுவிடேன் என்றேன். சொன்னபோது அதில் எனக்குத் தப்பாக எதுவும் படவில்லை. என் தங்கையின் முகம்தான் கண்முன் நின்றது.

"மத்த எல்லாத்தையும் திருத்திட்டேங்க," என்றாள். "இது ஒண்ணை மட்டும் விட்டுட்டா, அப்புறம் அந்தச் சுவத்துல இருக்கிற நம்பரை நான் எப்படிப் பாப்பேன்?"

பிறகு, மேலாளர் அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் விசிலிடம் நானே போய்ச் சொல்லவேண்டும், வீட்டில் வைத்துச் சொன்னால் கோழைத்தனம், மைதானத்துக்கே போகிறேன் என்றாள். அவள் அதுவரை அங்கே போனதே இல்லை. நான் கூட வருகிறேன் என்றதற்கு, நாலு தெருதானே, ஒவ்வொரு கூரையும் நான் வரைந்தது, எனக்குத் தெரியாதா என்று கிளம்பிவிட்டாள்.

முதல் போன் வந்தபோது ஒரு மருந்துக்கடை முன்னால் நின்றாள். இரண்டாவது போனிலும் அதே மருந்துக்கடைதான். மூன்றாவது போன் பேருந்து நிலையத்திலிருந்து வந்தது. அது எதிர்த்திசை. தலையில் அடித்துக்கொண்டு, கோட்டு அளவுக்காகக் கையை விரித்துக்கொண்டு நின்றவரை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக் கழற்றக்கூட நேரமில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பயிற்சி நடந்துகொண்டிருந்தது. இவள் நேராக மைதானத்தின் நடுவில் போய் நின்றாள். சுற்றி வளைக்கவில்லை. தாளைப் பற்றிச் சொன்னாள், வளர்ந்த மாடியைப் பற்றிச் சொன்னாள், சரியான எண்ணையும் சொன்னாள். என் தங்கை கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கத்தவில்லை. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"அப்போ நேத்து பிள்ளைங்ககிட்ட நான் சொன்னது பொய்யா அண்ணி?"

"நான் சொன்னதுதான் பொய். நீ என்னை நம்பினே, அவ்வளவுதான்."

விசில் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிள்ளைகளிடம் போய்விட்டாள். வாயாலேயே ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பயிற்சியைத் தொடர்ந்தாள். இவளுக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் மனம் வரவில்லை. வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. மெல்ல நகர்ந்து போய் மர நிழலில் ஒதுங்கி நின்றாள். நானும் பக்கத்தில் போய் நின்றேன். ஆறுதல் சொல்ல எனக்கு வராது. டேப்பைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தேன்.

அப்போது ஒரு பந்து உருண்டு வந்தது. எங்களைத் தாண்டி நிழலுக்குள் போனது. ஒரு பெண் அதைத் துரத்திக்கொண்டு ஓடிவந்தாள். அவளும் எங்களைத் தாண்டி உள்ளே ஓடினாள். இன்னும் நாலைந்து எட்டு ஓடினாள். என் மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பெண் பந்தை எடுத்த இடத்துக்குப் பின்னால், இலைச் சருகுக்கு நடுவே, ஆள் உயரத்துக்கு ஒரு சுவர் நின்றது. சுவரோரம் வரிசையாகப் புத்தகப் பைகள் இருந்தன.

அந்தச் சுவர் யாருடையது என்று இவள் அந்தப் பெண்ணிடம் கேட்டாள். மைதானத்துச் சுவர்தான் அக்கா, வெயிலுக்கு நாங்க இங்கதான் உட்காருவோம் என்றாள் அவள்.

என் மனைவி மேலே இலைகளைப் பார்த்தாள். கீழே தன் காலைப் பார்த்தாள். மறுபடி மேலே பார்த்தாள். வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ என்று பயந்துபோனேன்.

"என்னங்க, நான் எங்க நிக்கிறேன் தெரியுமா? நான் போட்ட கோட்டுக்கு வெளியில நிக்கிறேன்."

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். விமானத்திலிருந்து பார்த்தால் இந்தப் பக்கம் முழுக்கப் பச்சைதான். மரத்தின் தலை தெரியும், அடியில் இருக்கிற மண் தெரியாது, சுவரும் தெரியாது. கண்ணுக்குத் தெரியாததை ஊகித்து வரையக் கூடாது என்பது அவர்கள் சட்டம். அதனால் பச்சை ஆரம்பிக்கிற இடத்திலேயே கோட்டை நிறுத்தியிருக்கிறாள். இப்படி மரம் மறைக்கிற இடங்களுக்கு, நேரில் போய்ப் பார்க்கவேண்டும் என்று ஒரு அடையாளம் வைப்பது வழக்கம். முதலில் அளந்தபோதே நாலாயிரத்தைத் தாண்டிவிட்டதால், இனி யார் போய்ப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்று வைக்காமல் விட்டாள். இன்று காலை பதற்றத்தில் எண்ணை மட்டும்தான் திருத்தினாள், மரத்தை நினைக்கவில்லை.

என் கழுத்திலிருந்த டேப்பைப் பிடுங்கினாள். பச்சையின் ஓரம் எது என்று அண்ணாந்து பார்த்துச் சொன்னாள். நான் தரையில் மண்டியிட்டு, அங்கிருந்து சுவர்வரை டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டேன். தோளும் இடுப்பும் அளக்கிற டேப், ஒன்றரை மீட்டர்தான். மூன்றாவது தடவை முக்கால்வாசி போனதும் சுவர் வந்தது. நாலு மீட்டர். இன்னும் சில இடங்களில் போட்டுப் பார்த்தோம், கிட்டத்தட்ட அதே அளவுதான். பிள்ளைகள் பயிற்சியை விட்டுவிட்டு எங்களைச் சுற்றி நின்றார்கள். அண்ணன் எதற்குச் சருகில் தவழ்கிறான் என்று பார்க்க விசிலும் வந்துவிட்டாள்.

அவளுக்கு விவரம் சொன்னோம். நீளம் எழுபது என்பது அவளுக்கு மனப்பாடம், வாரம் தவறாமல் சுண்ணாம்புக் கோடு போடுகிறவள் அவள்தானே. எழுபதை நாலால் பெருக்கினாள். மூவாயிரத்து எண்ணூற்று ஐம்பதோடு கூட்டினாள். கூட்டிவிட்டு அண்ணியைப் பார்த்தாள்.

"இப்ப எவ்வளவு வருதுன்னு நீங்களே சொல்லுங்க அண்ணி."

"நான் சொல்ல மாட்டேன். நேத்து சொன்னதே போதும்."

மறுநாள் இவள் மேலாளர் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மாறிப்போன தாள், மரத்தடி, தையற்காரனின் டேப், எதையும் மறைக்கவில்லை. தாளை மாற்றாததற்கு அந்த அம்மா நன்றாகவே திட்டினார். டேப்பைப் பற்றிக் கேட்டபோது மட்டும் சிரித்ததாகத் தகவல். நேரில் அளக்க வேறு பிரிவிலிருந்து இரண்டு பேரை அனுப்புவதாகவும், முடிவு வரும்வரை நீயும் உன் குடும்பமும் அந்தப் பக்கமே போகக் கூடாது என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் விசில் சத்தமே இல்லை. தேநீர் வேண்டுமென்றால் தங்கை படி இறங்கி வந்து தானே போட்டுக்கொண்டாள். அண்ணிக்கும் ஒரு கோப்பை ஊற்றி வைப்பாள், ஆனால் பேசமாட்டாள். இவளும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைப்பாள், பேசமாட்டாள். எனக்குத்தான் தாங்கவில்லை. இருவரும் சண்டை போட்டுக்கொண்டிருந்த நாட்கள் எவ்வளவு நல்ல நாட்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எதை எடுத்தாலும் வாடிக்கையாளர்களிடம் எரிந்து விழுந்தேன். பாதி அளவில் விட்டுவிட்டு ஓடினேனே, அந்தக் கோட்டுக்காரர், நான் திரும்பி வந்தபோது நாற்காலியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவ்வளவு பொறுமைசாலி. அவரிடமே வள்ளென்று விழுந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அளந்தவர்கள் கொடுத்த எண் நாலாயிரத்து நூற்று இருபத்தெட்டு.

இந்தத் தடவை இவள் போன் செய்யவில்லை. பட்டியல் நகரசபைக்குப் போய், அவர்கள் வாங்கிக்கொண்டோம் என்று சொன்னபிறகு, வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றி, மேலே ஏறிப்போய் நாத்தனாரிடம் நேரில் சொன்னாள். அந்த அறையில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. பிறகு ஒரு விசில் கேட்டது, வழக்கமான தேநீர் விசில். நான் ஓடிப்போய் மூன்று கோப்பை போட்டு எடுத்துக்கொண்டு போனேன். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள், சர்க்கரை போட மறந்திருந்தேன்.

எனக்கு நாக்கு சும்மா இருக்காது. முதலில் வந்த நாலாயிரத்து நூற்று முப்பதுக்கும் இதற்கும் இரண்டுதானே வித்தியாசம், அப்போ நீ முதலில் சொன்னதே சரிதானே, இத்தனை பாடு எதற்கு என்று கேட்டுவிட்டேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் தேநீர் ஆறிப்போனது.

"அது தப்பா வந்த நம்பர்ங்க. தற்செயலா பக்கத்துல வந்து நின்னுடுச்சு. அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

விசில் தன் பங்குக்கு, அந்த மரங்களை அன்றே வெட்டியிருந்தால் இந்த வம்பே வந்திருக்காது, எல்லாம் மேலேயிருந்தே தெரிந்திருக்கும் என்று ஆரம்பித்தாள். நியாயம் அவள் பக்கம்தான், என் மனைவியும் மறுக்கவில்லை. வெட்டியிருந்தால் நான் உன் மைதானத்துக்கு வந்தே இருக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். நகரசபைக்குப் போட்டிருந்த மனுவை விசில் அந்த வாரமே திரும்ப வாங்கிக்கொண்டாள். பந்து கிளையில் மாட்டினால் இப்போதும் அந்த மரங்களைத் திட்டத்தான் செய்கிறாள், திட்டிவிட்டு அதன் அடியிலேயே போய் உட்கார்ந்துகொள்கிறாள்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடம் ஆகிறது. போன மாதம் சாப்பிடும்போது, விமானம் மறுபடி படமெடுக்க வரப்போகிறது என்று இவள் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். விசில் ஒன்றும் கேட்காமல் சாப்பிட்டாள். கேள்வி கேட்காமல் அவள் சாப்பிட்டால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். மறுநாள் என் கடைக்கு வந்து, உன் சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு வா என்றாள். கோணாமல் எழுத்துப் போட இந்த ஊரில் என்னைவிட்டால் ஆள் இல்லையாம். அண்ணியிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வேறு வாங்கிக்கொண்டாள்.

நேற்று என் மனைவி அலுவலகத்தில் புதிய படங்களைத் திறந்திருக்கிறாள். காலையில் மாடியை அளந்து, எண் ஒத்துப்போனதும், அளக்கிற தாளிலேயே வரிசையாகக் கூரைகளை வரைந்துகொண்டு வந்தாள். மைதானத்துக் கொட்டகை வந்தது. அதன் தகரக் கூரை முழுவதும், விமானத்துக்குத் தெரிகிற அளவில், வெள்ளைச் சுண்ணாம்பில் எழுத்துகள்.

"அண்ணி, மரத்தடியையும் பாருங்க."

வழியில் போகிறவர் ஒருவருக்கும் அது தெரியாது. தெருவில் நின்று எவ்வளவு அண்ணாந்தாலும் தெரியாது. ஊரிலேயே ஒரே ஒருத்தி பார்ப்பதற்காக எழுதியது. அவள் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். மேலாளர் அம்மா வந்து எட்டிப்பார்த்துவிட்டு, கூரையை மட்டும் வரை, எழுத்துக்கெல்லாம் பரப்பு எடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தாராம்.

மாலை வீட்டுக்கு வந்ததும் நேராக என் கடைக்குள் வந்தாள். என் சட்டைக் கையில் ஒட்டியிருந்த பழைய சுண்ணாம்புக் கறையை ஒரு தரம் பார்த்தாள். நான் மெஷினை மும்முரமாக ஓட்டினேன்.

"அண்ணிங்கிற வார்த்தையை மட்டும் அளந்தேங்க," என்றாள். "மூணு சதுர மீட்டர்."

"எந்தத் தாள்ல?"

"அளக்கிற தாள்லதான்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பயிற்சி முடிவதற்குள் போகவேண்டும் என்று மைதானத்துக்குக் கிளம்பினாள். நான் எழுந்தேன். கூட வரவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுத் தனியாகவே போனாள். வழியில் எனக்கு ஒரே ஒரு போன்தான் செய்தாள்.